கொடி மாறிய கப்பல்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: 1914-ஆம் ஆண்டு சென்னை மீது குண்டு வீசிய எம்டனைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதியிருந்தீர்கள். அதே போரில் ஜெர்மானியர்கள் ஒரு பாய்மரக் கப்பலையும் போர்க்கப்பலாக்கிக் கடலில் விட்டார்கள் என்று என் அண்ணன் சாதிக்கிறார். நீர்மூழ்கிகள் வந்துவிட்ட காலத்தில் பாய் விரித்துப் போன கப்பல் போர் புரிந்திருக்குமா? எங்களுக்குள் பந்தயமே கட்டியாயிற்று.

பதில்: பந்தயத்தை உங்கள் அண்ணனிடம் கொடுத்துவிடுங்கள். அந்தக் கப்பலின் பெயர் ஸீஆட்லர். ஜெர்மன் மொழியில் கடற்கழுகு என்று பொருள். ஆனால் அது ஜெர்மானியர்கள் கட்டிய கப்பல் அன்று, வாங்கிய கப்பலும் அன்று. 1888-இல் ஸ்காட்லாந்தின் போர்ட் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, 'பாஸ் ஆஃப் பால்மஹா' என்ற பெயரில் ஏறத்தாழ கால் நூற்றாண்டுக் காலம் சரக்கு ஏற்றிப் பிழைத்துவந்த, மூன்று பாய்மரங்கள் கொண்ட எஃகுக் கப்பல் அது. கொள்ளளவு 1,571 டன். போர் தொடங்கிய பிறகு அமெரிக்கர்களின் கைக்கு மாறி, அமெரிக்கக் கொடியுடன் ஓடிக்கொண்டிருந்தது.

1915-ஆம் ஆண்டு கோடையில் அது நியூயார்க்கிலிருந்து பஞ்சுப் பொதிகளை ஏற்றிக்கொண்டு ரஷ்யாவின் ஆர்க்கேஞ்சல் துறைமுகத்தை நோக்கிப் புறப்பட்டது. பஞ்சு என்றால் துணிதான் நமக்கு நினைவுக்கு வரும். அன்றைக்குப் பீரங்கி மருந்து தயாரிக்கவும் அதுவே மூலப்பொருள். ஆகையால் பஞ்சு ஏற்றிய கப்பல் எது கண்ணில் பட்டாலும் பிரிட்டிஷ் ரோந்துக் கப்பல்கள் நிறுத்தி விசாரித்தன. இதையும் நார்வே கரைக்கு அப்பால் நிறுத்தினார்கள். ரஷ்யா பிரிட்டனின் நட்பு நாடுதான் என்றாலும் சந்தேகம் தீரவில்லை. ஓர் அதிகாரியையும் சில மாலுமிகளையும் கப்பலில் ஏற்றி, சோதனைக்காக ஆர்க்னித் தீவுகளிலுள்ள கிர்க்வால் துறைமுகத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். ஏறியவர்கள் செய்த முதல் வேலை, அமெரிக்கக் கொடியை இறக்கிவிட்டுப் பிரிட்டிஷ் கொடியை ஏற்றியது. கப்பல் தலைவர் ஸ்காட்டுக்கு இது பிடிக்கவில்லை. நடுநிலை நாட்டின் கொடி பறக்கும்வரை ஜெர்மானியர்கள் நிறுத்தி விசாரிக்கலாம், அவ்வளவுதான். எதிரி நாட்டுக் கொடி பறந்தால் கப்பலும் போகும், சரக்கும் போகும்.

அவர் பயந்தது நடந்தது. ஜூலை 24 அன்று யு-36 என்ற ஜெர்மன் நீர்மூழ்கி எதிர்ப்பட்டது. பிரிட்டிஷ் அதிகாரி அவசர அவசரமாக அமெரிக்கக் கொடியை மீண்டும் ஏற்றச் சொல்லிவிட்டு, தம் ஆட்களுடன் கீழே சரக்கறைக்குள் போய் ஒளிந்துகொண்டார். நீர்மூழ்கித் தலைவருக்குக் கப்பல் மீது சந்தேகம் எழுந்தது. இளம் அதிகாரி ஒருவரை மட்டும் ஏற்றி, ஜெர்மனியின் குக்ஸ்ஹாஃபென் துறைமுகத்துக்குக் கப்பலைக் கொண்டுசெல்ல உத்தரவிட்டார். ஆக, மேல்தளத்தில் ஒற்றை ஜெர்மானியர். அவர் காலடியில், பஞ்சுப் பொதிகளுக்கிடையில் மூச்சை அடக்கிக்கொண்டு பிரிட்டிஷ் சிப்பாய்கள். நடுவில் எவர் பக்கமும் சேராமல், ஆனால் கொடியை மாற்றியவர்கள் மீது தீராத கோபத்தில் இருந்த அமெரிக்க மாலுமிகள். ஒளிந்திருந்தவர்கள் வெளியே வராதபடி ஸ்காட் பார்த்துக்கொண்டார். கரைக்கு வந்த பிறகுதான் அவர்கள் இருப்பது ஜெர்மானியர்களுக்குத் தெரிந்தது. அவர்கள் சிறைப்பட்டார்கள், அமெரிக்கர்கள் விடுவிக்கப்பட்டார்கள், கப்பல் ஜெர்மனியிடமே நின்றுவிட்டது.

அந்த ஒற்றை ஜெர்மானியரின் அதிர்ஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். அவரை இறக்கிவிட்டுப் போன யு-36 அதே நாளில் மூழ்கியது. அதை மூழ்கடித்தது, சாதாரணச் சரக்குக் கப்பல்போல் வேடமிட்டுப் பீரங்கிகளை மறைத்து வைத்திருந்த 'பிரின்ஸ் சார்ல்ஸ்' என்ற பிரிட்டிஷ் கப்பல். பின்னாளில் ஸீஆட்லர் கையாண்ட தந்திரத்துக்கு, அதைப் பிடித்துக் கொடுத்த நீர்மூழ்கியே முன்கூட்டிப் பலியாயிற்று.

கேள்வி: பிடித்த கப்பலை யார் வேண்டுமானாலும் தன்னுடையதாக்கிக்கொள்ளலாமா? இது கடற்கொள்ளை ஆகாதா?

பதில்: கொள்ளைக்காரன் தனக்காகப் பிடிக்கிறான், போர்க்கப்பல் தன் அரசுக்காகப் பிடிக்கிறது. அப்படிப் பிடித்த கப்பலைக் கடற்போர்ச் சட்டத்தில் 'பிரைஸ்' என்பார்கள். பிடித்தவுடன் அது சொந்தமாகிவிடாது. அதற்கென்று உள்ள நீதிமன்றம் விசாரித்து, பிடித்தது முறைதான் என்று தீர்ப்பளித்த பிறகே உரிமை மாறும். தனியார் கப்பல்களுக்கு அரசு உரிமம் கொடுத்து எதிரியின் வணிகத்தைச் சூறையாட அனுப்பும் பழைய வழக்கத்தை 1856-ஆம் ஆண்டின் பாரிஸ் பிரகடனம் ஒழித்தது. வணிகக் கப்பல் போர்க்கப்பலாக மாறுவதற்கு என்னென்ன நிபந்தனைகள் என்பதை 1907-இல் ஹேக் நகரில் செய்துகொண்ட உடன்படிக்கை வகுத்தது: தலைவர் கடற்படையில் பணிபுரியும் அதிகாரியாக இருக்கவேண்டும், மாலுமிகள் படை ஒழுங்குக்குக் கட்டுப்பட்டவர்களாக இருக்கவேண்டும், கப்பலின் பெயர் கடற்படைப் பட்டியலில் இடம்பெறவேண்டும். ஸீஆட்லர் இவற்றுக்கு உட்பட்டே கடலுக்குப் போனது. வேற்று நாட்டுக் கொடியைக் காட்டி ஏமாற்றுவதுகூடச் சட்டப்படி குற்றமில்லை. முதல் குண்டைச் சுடுவதற்கு முன் சொந்தக் கொடியை ஏற்றிவிடவேண்டும், அவ்வளவே.

கேள்வி: ஜெர்மனியிடம் வேறு கப்பல்களே இல்லையா? முப்பது வயதை நெருங்கிய பாய்மரக் கப்பலை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

பதில்: நிலக்கரிதான் காரணம். நீராவிக் கப்பல் எவ்வளவு வேகமாக ஓடினாலும் சில நாள்களுக்கு ஒருமுறை அதற்குக் கரி வேண்டும். ஜெர்மனிக்கோ வெளிக்கடலில் கரி ஏற்றத் துறைமுகம் இல்லாமற்போயிற்று. எம்டன்கூடத் தன் பின்னால் ஒரு கரிக் கப்பலை இழுத்துக்கொண்டுதான் வங்காள விரிகுடாவில் அலைந்தது. காற்றுக்குக் கப்பம் கட்டவேண்டியதில்லை. இன்னொரு காரணமும் உண்டு: பாய் விரித்து வரும் கப்பலைக் கண்டு அந்தக் காலத்தில் எவரும் பயப்படமாட்டார்கள். தென் அமெரிக்காவிலிருந்து வெடியுப்பும் தானியமும் ஏற்றிக்கொண்டு நூற்றுக்கணக்கான பாய்மரக் கப்பல்கள் அப்போதும் அட்லாண்டிக்கில் போய்வந்துகொண்டிருந்தன. அவற்றில் இதுவும் ஒன்று என்று எண்ணிக் கடந்து போவார்கள்.

கப்பலுக்குள் துணை எஞ்சின் பொருத்தினார்கள். 105 மில்லிமீட்டர் பீரங்கிகள் இரண்டையும் இயந்திரத் துப்பாக்கிகளையும் வெளியே தெரியாதபடி வைத்தார்கள். கைதிகளுக்கான அறைகள், கூடுதல் எண்ணெய்த் தொட்டி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அமைந்தன. இவற்றைவிடக் கடினமாக இருந்தது ஆள் கிடைப்பது. பாய் கட்டும் குறுக்குமரமான பருமல்மீது ஏறி, புயற்காற்றில் பாயைச் சுருட்டத் தெரிந்த கடற்படை அதிகாரி அந்நாளில் அரிது. ஃபெலிக்ஸ் ஃபான் லுக்னர் அப்படி ஒருவர். பிரபு குடும்பத்துப் பிள்ளையாகப் பிறந்து, பதின்மூன்று வயதில் வீட்டைவிட்டு ஓடி, பெயரை மாற்றிக்கொண்டு பாய்மரக் கப்பல்களில் எடுபிடி வேலை செய்து தொழில் கற்றவர். பின்னர்தான் கடற்படைக்கு வந்தார். தலைமை அவருக்குப் போயிற்று.

கேள்வி: பிரிட்டிஷ் கப்பற்படை வடகடலை முற்றுகையிட்டிருந்ததே, அதை எப்படித் தாண்டினார்கள்?

பதில்: தாண்டவில்லை, சோதனை போட வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டு உபசரித்து அனுப்பினார்கள். 1916 டிசம்பர் 21 அன்று ஸீஆட்லர் புறப்பட்டபோது அதன் பக்கவாட்டில் எழுதியிருந்த பெயர் 'இர்மா', ஊர் நார்வே, சரக்கு மரம். மேல்தளத்தில் மரங்களை மலைபோல் அடுக்கியிருந்தார்கள். பார்ப்பவர்களுக்கு அது சரக்கு. உள்ளே இறங்கும் வழிகளை மூடியிருந்ததும் அதுவே. அதையெல்லாம் அகற்றிப் பார்க்க எந்தச் சோதனை அதிகாரிக்குப் பொறுமை இருக்கும்? கப்பலில் இருந்த அறுபத்து நாலு பேரில் நார்வே மொழி பேசத் தெரிந்தவர்களாகப் பலரைத் தேடிப் பிடித்திருந்தார்கள்.

டிசம்பர் 25 அன்று, கிறிஸ்துமஸ் நாளில், ஐஸ்லாந்தை ஒட்டிய கடலில் பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்று நிறுத்தியது. அப்போது நடந்ததை லுக்னர் பிற்காலத்தில் நாடு நாடாகப் போய் மேடைகளில் சொல்லிக் காசு பார்த்தார். தலைவர் அறைச் சுவரில் நார்வே மன்னர் படம். மாலுமிகளின் பெட்டிகளில் நார்வேயிலிருந்து வந்ததுபோல் தயாரித்த கடிதங்கள். கப்பலின் பெயரை அடித்துத் திருத்திய தாள்களில் அந்தத் திருத்தம் தெரியாமலிருக்க, புயலில் அறைக்குள் கடல் புகுந்துவிட்டதாகக் காட்டி எல்லாவற்றின் மீதும் உப்புநீர் ஊற்றி மை கலையவிட்டது. இளைய மாலுமி ஒருவனுக்குப் பெண் வேடமிட்டு, தலைவரின் மனைவி என்று நாற்காலியில் உட்காரவைத்தது. குரலை மட்டும் பெண் குரலாக்க முடியாததால் பல்வலி என்று கன்னத்தைச் சுற்றித் துணி கட்டிவிட்டது. இதில் எவ்வளவு நடந்தது, எவ்வளவு மேடைக்காகச் சேர்ந்தது என்று பிரித்தறிவது கடினம். லுக்னர் கதை சொல்வதில் வல்லவர். அவர் சொன்னதில் உப்பைக் கொஞ்சம் குறைத்துத்தான் சாப்பிடவேண்டும். சோதனை நடந்ததும், சோதித்தவர்கள் நம்பி வழியனுப்பியதும் மட்டும் உறுதி.

கேள்வி: எத்தனை கப்பல்களைப் பிடித்தது? ஒரு உயிர்கூடப் போகவில்லை என்று சொல்கிறார்களே, உண்மையா?

பதில்: ஸீஆட்லர் தானே பிடித்தவை பதினைந்து, மூன்று நீராவிக் கப்பல்கள், பன்னிரண்டு பாய்மரக் கப்பல்கள். பதினாலை மூழ்கடித்தது, ஒன்றை விட்டுவிட்டது. முதல் இரை 1917 ஜனவரி 9 அன்று அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே அகப்பட்ட 'கிளாடிஸ் ராயில்' என்ற பிரிட்டிஷ் கரிக் கப்பல். மறுநாளே சர்க்கரை ஏற்றி வந்த 'லண்டி ஐலண்ட்' சிக்கியது.

பிடித்த முறை எளிமையானது. வானொலிக் கருவி இல்லாத பாய்மரக் கப்பல், எதிரே வரும் நீராவிக் கப்பலிடம் கொடியசைத்து நேரம் கேட்பது கடலில் நாள்தோறும் நடப்பது. கப்பலிலுள்ள கடிகாரம் சில விநாடிகள் தவறினாலும் கப்பல் நிற்கும் இடத்தைக் கணிப்பதில் மைல் கணக்கில் பிசகிவிடும். பாவம், கிழட்டுக் கப்பல் என்று இரங்கி, எதிர்க்கப்பல் பக்கத்தில் வரும். அருகே வந்ததும் நார்வே கொடி இறங்கும், ஜெர்மன் கொடி ஏறும், பக்கத்துத் தடுப்பு கீழே விழும், பீரங்கி தெரியும். மாலுமிகளையெல்லாம் இறக்கிக்கொண்ட பிறகே கப்பலை மூழ்கடிப்பார்கள். இரக்கத்தை விலையாக வைத்துச் செய்த வேட்டை இது என்பதை லுக்னரைப் புகழ்பவர்கள் சொல்வதில்லை.

பிப்ரவரி 19 அன்று பிடித்த 'பின்மோர்' லுக்னர் இளவயதில் மாலுமியாக வேலை பார்த்த கப்பல். தனியே அதில் ஏறி, பழைய நாள்களை நினைத்துக்கொண்டு சுற்றிப்பார்த்தாராம். பிறகு அதையும் மூழ்கடித்தார்.

உயிரிழப்பு ஒன்று உண்டு. மார்ச் 11 அன்று 'ஹார்ன்கார்த்' என்ற நீராவிக் கப்பல் எதிர்ப்பட்டது. அதில் பீரங்கியும் வானொலியும் இருந்தன. தீப்பிடித்ததுபோல் புகை எழுப்பி அதை அருகே இழுத்தார்கள். வானொலி அறையை நோக்கிச் சுட்டபோது நீராவிக் குழாய் ஒன்று உடைந்து, வெந்நீராவி பட்டு இளம் மாலுமி ஒருவர் இறந்தார். முழு யாத்திரையிலும் குண்டு வீச்சினால் போன உயிர் அது ஒன்றுதான். அந்தப் போரில் நீர்மூழ்கிகள் செய்ததோடு ஒப்பிட்டால் இது வியப்புக்குரிய கணக்குத்தான். ஆனால் 'ஒரு உயிர்கூட' என்று எழுதுவது தவறு.

கேள்வி: பிடித்தவர்களையெல்லாம் எங்கே வைத்துச் சோறு போட்டார்கள்?

பதில்: இரண்டு மாதங்களில் அதுவே பெருந்தொல்லை ஆயிற்று. மார்ச் நடுவில் கைதிகள் எண்ணிக்கை முந்நூறை நெருங்கிவிட்டது. கப்பல்காரர்களோ அறுபத்துச் சொச்சம் பேர். ஆகவே மார்ச் 21 அளவில் பிடித்த 'கம்ப்ரோன்' என்ற பிரெஞ்சுப் பாய்மரக் கப்பலை மூழ்கடிக்காமல், கைதிகளை அதில் ஏற்றி, 'பின்மோர்' தலைவரிடமே பொறுப்பை ஒப்படைத்து, ரியோ டி ஜெனிரோவுக்குப் போகச் சொன்னார்கள். விடுவதற்கு முன் ஒரு காரியம் செய்தார்கள்: பாய்மரங்களின் உச்சிப் பகுதிகளை வெட்டிவிட்டு, உபரியாக இருந்த பாய்களையும் மரங்களையும் அப்புறப்படுத்தினார்கள். மேற்பாய்கள் இல்லாத கப்பல் மெல்லத்தானே போகும்? அது மார்ச் 30 அன்று ரியோ சேர்ந்து செய்தி வெளியாவதற்குள் ஸீஆட்லர் தெற்கே வெகுதூரம் போயிருந்தது. ஏப்ரலில் தென் அமெரிக்காவின் தென்கோடியிலுள்ள கொம்பு முனையை (கேப் ஹார்ன்) சுற்றிப் பசிபிக்கில் நுழைந்தது.

இதற்கிடையில் ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போரில் இறங்கியது. ஸீஆட்லருக்குப் பசிபிக்கில் கிடைத்த மூன்று கப்பல்களும் அமெரிக்கக் கப்பல்களே: 'ஏ. பி. ஜான்சன்', 'ஆர். சி. ஸ்லேட்', 'மணிலா'. இரண்டே ஆண்டுகளுக்கு முன் எந்தக் கொடியை இறக்கினார்கள் என்று ஸ்காட் சீறினாரோ, அந்தக் கொடி பறந்த கப்பல்களை, அவர் ஓட்டிவந்த கப்பலே இப்போது மூழ்கடித்தது.

கேள்வி: சுனாமியில் அழிந்ததாகப் படித்தேன். சரியா?

பதில்: அது லுக்னர் சொன்னது, எனக்கு நம்பிக்கை இல்லை. மாதக்கணக்கில் கரை காணாமல் திரிந்ததால் பச்சைக் காய்கறி இல்லை, நல்ல தண்ணீர் இல்லை, ஆட்களுக்கு நோய் கண்டது, கப்பலின் அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் படிந்தன. ஆகவே 1917 ஜூலை இறுதியில் தாஹித்திக்கு மேற்கே, சொசைட்டித் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த மொபீலியா என்ற பவளத்தீவுக்கு வந்தார்கள். அதன் உள்நீர்ப் பரப்புக்குள் இவ்வளவு பெரிய கப்பல் நுழைய வழி இல்லை. திட்டுக்கு வெளியே நங்கூரமிட்டார்கள். ஆகஸ்ட் 2 அன்று கப்பல் பவளத்திட்டின் மீது ஏறி முதுகு ஒடிந்தது.

கடல் பொங்கிவந்து கப்பலைத் தூக்கிப் போட்டது என்றார் லுக்னர். கைதிகளாக இருந்த அமெரிக்கர்கள் சொன்னது வேறு: பெரும்பாலோர் கரையில் விருந்து உண்டுகொண்டிருந்த நேரத்தில் காற்றுத் திசை மாற, கப்பல் இழுபட்டுத் திட்டில் மோதியது என்றார்கள். மொபீலியா கடல் மட்டத்துக்குச் சற்றே மேலே நிற்கும் தீவு. ஆயிரத்தைந்நூறு டன் கப்பலைத் தூக்கிப்போடும் அலை வந்திருந்தால், அந்தத் தீவும் அதில் விருந்து உண்டவர்களும் என்ன ஆகியிருப்பார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நங்கூரத்தைக் கவனிக்கத் தவறினோம் என்று அறிக்கை எழுத எந்தத் தலைவருக்கும் கை வராது என்பதே என் எண்ணம்.

கேள்வி: அதற்குப் பிறகு அந்தத் தீவில் மாட்டிக்கொண்டவர்கள் தப்பினார்களா?

பதில்: மூன்று கூட்டமாகப் பிரிந்து போனார்கள். லுக்னரும் ஐந்து பேரும் ஆகஸ்ட் 23 அன்று மேற்கூரை இல்லாத பத்து மீட்டர்ப் படகு ஒன்றில் புறப்பட்டு, குக் தீவுகள் வழியாக மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடந்து ஃபிஜியின் வகாயாத் தீவு வரை போய், செப்டம்பர் 21 அன்று அகப்பட்டார்கள். நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு அருகே மோட்டுயிஹித் தீவில் சிறைவைக்கப்பட்ட லுக்னர், டிசம்பரில் சிறைத் தலைவரின் படகையே எடுத்துக்கொண்டு தப்பி, மற்றொரு பாய்மரப் படகைப் பிடித்து, சில நாள்களில் மீண்டும் சிக்கினார்.

மொபீலியாவில் எஞ்சியிருந்த ஜெர்மானியர்கள் செப்டம்பர் 5 அன்று அங்கே வந்த 'லூட்டெஸ்' என்ற பிரெஞ்சுக் கப்பலைப் பிடித்தார்கள். சேர்த்துக் கணக்கிடுபவர்கள் பதினாறு என்று சொல்வது இதையும் கூட்டித்தான். அதற்கு 'ஃபோர்ச்சுனா' என்று பெயர் சூட்டி ஈஸ்டர் தீவு வரை போனார்கள். அங்கே அதுவும் பாறையில் மோதியது. சிலி அரசு அவர்களைப் போர் முடியும்வரை தடுத்து வைத்தது.

கைவிடப்பட்ட கைதிகளின் கதையைத்தான் யாரும் சொல்வதில்லை. 'ஸ்லேட்' கப்பலின் தலைவர் ஸ்மித் மூன்று பேருடன் ஒரு திறந்த படகில் ஏறத்தாழ 1,000 கடல் மைல் ஓட்டி, அக்டோபர் முதல் வாரத்தில் சமோவாவின் பாகோ பாகோ சேர்ந்து செய்தி சொன்னார். அதன் பிறகே மீதியிருந்த நாற்பத்து நாலு பேரை மீட்கக் கப்பல் போயிற்று. லுக்னரின் படகுப் பயணத்துக்குக் கிடைத்த கைதட்டலில் பாதியாவது ஸ்மித்துக்குக் கிடைத்திருக்கவேண்டும்.

கேள்வி: எம்டனுக்கும் இந்தக் கப்பலுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா? அந்தக் கப்பலின் மிச்சம் எதையாவது இன்று பார்க்க முடியுமா?

பதில்: நேரடித் தொடர்பு இல்லை. எம்டன் 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் அழிந்தபோது, கரையில் இறங்கியிருந்த அதன் ஆட்கள் 'ஆயிஷா' என்ற சின்னப் பாய்மரக் கப்பலைப் பிடித்துத் தப்பினார்கள், 97 டன்தான். அதில் சுமத்ராவின் பாடாங் வரை போய், டிசம்பரில் ஒரு ஜெர்மன் நீராவிக் கப்பலுக்கு மாறிய பின் ஆயிஷாவை மூழ்கடித்தார்கள். பிடிபட்ட பாய்மரக் கப்பல் ஜெர்மானியர்களுக்குக் கைகொடுத்தது என்ற அளவில் அதை ஸீஆட்லருக்கு முன்னோடி என்று சொல்லலாம்.

மிச்சம் பார்க்கவேண்டுமானால் தாஹித்தியின் தலைநகரான பாப்பீட்டேவுக்குப் போகவேண்டும். அங்குள்ள புகான்வீல் பூங்காவில் இரண்டு பழைய பீரங்கிகள் நிற்கின்றன. ஒன்று ஸீஆட்லருடையது. மற்றது 'ஸெலே' என்ற பிரெஞ்சுப் பீரங்கிப் படகினுடையது. ஷார்ன்ஹோர்ஸ்ட், நைசெனாவ் என்ற இரு ஜெர்மன் போர்க்கப்பல்கள் பாப்பீட்டேவைத் தாக்கியபோது 'ஸெலே' மூழ்கியது. அந்தத் தாக்குதல் நடந்த நாள் 1914 செப்டம்பர் 22. சென்னைத் துறைமுகத்தில் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்ததும் அதே தேதியில்தான்.